மூன்றாவது பாஸ் ஏன் தொலைகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பதினாறு பேரைச் சேர்த்து அந்தி நேரத்தில் உதைபந்தாட்டம் பழக்குகிறீர்கள். பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏய்த்துப் போகவும் தெரிகிறது, பாஸ் மட்டும் வரவில்லை. ஒரு மாதமாக இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி அடிக்க விட்டீர்கள், பழகும்போது பந்து கோடு போட்ட மாதிரி போகிறது, பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச் என்று வந்துவிட்டால் மூன்றாவது பாஸ் எதிராளி காலுக்கோ தேயிலைக்குள்ளோ போய்விடுகிறது. "பாஸிங் நன்றாக வர நாலைந்து டிரில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் உங்கள் மனதில் உள்ள கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: பழகும்போது இருக்கிற பாஸ் மேட்சுக்கு வந்ததும் எங்கே போகிறது? இதற்கு விடை தெரியாமல் எத்தனை டிரில் மாற்றினாலும் இதே கதைதான்.

நான் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துப் பாடசாலைகளில் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரைதான் என் அனுபவம். லீக் ஆடுகிற பெரியவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எது எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம், எது என் கண்ணால் கண்டது மட்டும், எதில் எனக்கே சந்தேகம் உண்டு என்பதையும் அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

எதிரெதிரே நின்று அடிக்கும் அந்தப் பயிற்சியை ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பந்து யாருக்குப் போக வேண்டும் என்பது முன்பே தெரியும், எப்போது அடிப்பது என்பதும் தெரியும், இடையில் பறிக்க ஆள் இல்லை, வாங்குகிறவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். மேட்சில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கிறதா? கால் பழகுகிறது, கண்ணுக்கு வேலையே இல்லை. நான் பார்த்தவரை இந்த வயதில் பாஸ் தவறுவது பெரும்பாலும் காலால் அல்ல. பந்து காலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளை தலையைத் தூக்கி யாருக்குக் கொடுப்பது என்று தேடத் தொடங்குகிறது, தேடி முடிப்பதற்குள் எதிராளி வந்து மோதுகிறான், பயத்தில் கண்ட பக்கம் உதைத்துவிடுகிறது. முதல் பாஸ் அடிப்பவனுக்கு நேரம் இருக்கும், அது சரியாகப் போகும். இரண்டாமவன் வாங்கும்போது ஒரு எதிராளி கிட்டே வந்திருப்பான், இவன் அவசரப்பட்டுப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவான். மூன்றாமவனுக்குப் பந்தும் எதிராளியும் ஒன்றாகவே வந்து சேரும். பார்க்கிற நமக்கு மூன்றாமவன் தவறவிட்டதாகத்தான் தெரியும். உண்மையில் இரண்டாமவன் பார்க்கத் தவறியது அது.

அதற்காக உங்கள் ஒரு மாத வேலை வீண் என்று நினைக்காதீர்கள். கால் ஒழுங்காக இல்லாவிட்டால் கண் மட்டும் பார்த்து என்ன செய்வது? இதில் சந்தேகமே இல்லாத விஷயங்கள் சில உண்டு. ஊன்றுகிற கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள், பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அடிக்கிற காலின் கணுக்கால் இறுகி, பெருவிரல் சற்று மேலே தூக்கி, பாதத்தின் உட்பக்கம் பந்தின் நடுவில் பட வேண்டும். நடுவுக்குக் கீழே பட்டால் பந்து எழும்பிவிடும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்கள், பெருவிரல் நகம் பெயர்ந்து ஒரு வாரம் நொண்டிய அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். அதனால் தம்மை அறியாமலே கணுக்காலைத் தளர்த்தி விரல் பக்கமாகப் பந்தைத் தள்ளிவிடுவார்கள், பந்து சுழன்றுகொண்டு பலமில்லாமல் போகும். வாயால் எத்தனை தடவை சொன்னாலும் இது மாறாது. குந்தியிருந்து, பிள்ளையின் கணுக்காலை உங்கள் இரண்டு கையாலும் பிடித்து, "இப்ப இறுக்கு, இப்ப விடு, இப்ப இறுக்கு" என்று அந்தப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும்வரை செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். எதிரெதிரே அடிப்பதை ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் பத்து நிமிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல தோட்டங்களில் பெரியவர்கள் ஆடித் தேய்ந்த 5ஆம் எண் பந்து ஒன்றுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. 5ஆம் எண் பந்து 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவு, 410 முதல் 450 கிராம் எடை. 8 முதல் 12 வயதுக்கு ஏற்றது 4ஆம் எண் பந்து, அது கிட்டத்தட்ட 64 முதல் 66 சென்டிமீட்டர், 350 முதல் 390 கிராம். அறுபது, எழுபது கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு அது பெரிது, அதுவும் தோல் உரிந்த பந்து மழையில் தண்ணீர் குடித்துவிட்டால் கல் மாதிரி ஆகிவிடும். பணம் சேர்ந்தால் முதலில் ஜேர்சி வாங்காதீர்கள், 4ஆம் எண் பந்து நாலு வாங்குங்கள். இன்னொன்று, கொழும்பில் இறுக்கிக் காற்றடித்த பந்து மலைக்கு வந்தால் கொஞ்சம் கூடுதலாக இறுகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். மலைக் குளிர் அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டினாலும் பந்து இறுகித்தான் நிற்கும், வெறுங்காலுக்கு வலிக்கும், வலித்தால் பிள்ளை கணுக்காலைத் தளர்த்தும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஒரு சொட்டு காற்றைத் திறந்துவிடுங்கள்.

இனி கண். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் பதின்மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். ஓட்டம் சுமார், உயரமும் இல்லை, ஆனால் அவள் காலுக்குப் போன பந்து தவறுவதே இல்லை. ஒரு மாதம் எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு நாள் பந்தைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து வேறு யாரிடமோ இருக்கும்போதே அவள் இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பிறகு பந்து, உடனே வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, மறுபடி பந்து. கோழி தலையை ஆட்டுகிற மாதிரி நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லித் தரலை சேர், எங்க லயத்துக்கு முன்னால ரோட்டு வளைவுலதான் வெளையாடுவோம், கொழுந்து லொறி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணுமில்ல?" என்றாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு முன்னால், லொறிக்குப் பயந்து பழகிய பார்வை அவளுக்கு மைதானத்தில் கைகொடுத்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பந்து அவளை நோக்கி உருண்டு வருகிற அந்த ஒன்றிரண்டு நொடியிலும் அவள் ஒரு தடவை பார்வையை எடுத்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பந்தையே வெறித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். நோர்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து பிரிமியர் லீக் வீரர்களின் வீடியோவை வைத்து, பந்து கிடைப்பதற்கு முன் ஒருவர் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று எண்ணினார். அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ் அதிகமாகச் சரியாகப் போனது. ஆனால் இதை வைத்து, தலையைத் திருப்பச் சொல்லிக் கொடுத்தால் பாஸ் தானாக வந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. நன்றாக ஆடுகிறவன் என்பதால்தான் பார்க்கிறானா, பார்ப்பதால் நன்றாக ஆடுகிறானா என்று அந்த எண்ணிக்கை மட்டும் பிரித்துக் காட்டாது. என் அனுபவத்தில் இரண்டும் உண்டு. நான் செய்வது இதுதான்: பிள்ளை பந்து வாங்கப் போகும்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன், பந்து காலில் படும் முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். கழுத்தைப் பழக்க இது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஏனென்றால் விரலைப் பார்ப்பது வேறு, பின்னால் வருகிறவன் இடப்பக்கம் வருகிறானா வலப்பக்கமா என்று பார்ப்பது வேறு. அதற்கு உண்மையான எதிராளி வேண்டும்.

அங்கேதான் ரொண்டோ வருகிறது. நாலு பேர் சதுரமாக நிற்க, நடுவில் ஒருவன் பந்தைப் பறிக்க ஓடுகிற ஆட்டம். 1988இல் பார்சலோனாவுக்குப் பயிற்றுனராக வந்த யொஹான் குரூய்ஃப் இதைத் தன் பயிற்சியின் அடித்தளமாகவே வைத்திருந்தார், இன்று உலகம் முழுவதும் இது உண்டு. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு அடிவைப்புக்கு எட்டு அடிவைப்பு சதுரம் போதும், மூலைக்கு ஒரு கல். நாலு பேரும் மூலையில் நிற்கக் கூடாது, பக்கக் கோட்டின் மேல் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நகர்வது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. கடைசியில் டோர்ச் வெளிச்சம்தான் உதவியது. லயத்தில் கரண்ட் போன இரவில் டோர்ச் அடித்து விளையாடாத பிள்ளை கிடையாதே. "பந்து ஒரு டோர்ச் லைட்டுன்னு வச்சுக்க. நடுவுல நிக்கிறவன் மேல வெளிச்சம் பட்டா அவனோட நெழல் எங்க விழும்? அந்த நெழலுக்குள்ள நீ நின்னா பந்து ஒனக்கு வராது, வெளிய வா." அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. பந்து நகர்ந்தால் நிழலும் நகரும், ஆகவே ஒவ்வொரு பாஸுக்கும் இரண்டு அடியாவது நகர வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ரொண்டோவில் எல்லாரும் செய்கிற ஒரு பிழை உண்டு. தவறவிட்டவன் நடுவுக்குப் போக வேண்டும் என்று விதி வைப்பார்கள். அப்படி வைத்தால் கால் திருந்தாத பிள்ளைதான் எப்போதும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பான், பாஸ் பழக வேண்டியவனுக்கே பாஸ் கிடைக்காது. நாற்பது நொடிக்கு ஒரு விசில், முறைப்படி ஆள் மாறட்டும். ஒரே டச்சில் அடிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள், டிவியில் பார்க்க அழகாக இருக்கும், பன்னிரண்டு வயதில் அது பந்தைத் தட்டிவிடுகிற பழக்கமாக மாறிவிடும். பந்து அடிக்கடி பறிபோனால் சதுரத்தை இரண்டு அடி பெரிதாக்குங்கள், பறிபோகவே இல்லை என்றால் சின்னதாக்குங்கள். இதில் தேறியதும் ஐந்து பேருக்கு நடுவில் இருவர்.

வாங்குகிறவனின் உடம்பைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு இது பெரிய ஆதங்கம். பாஸ் என்றால் கொடுப்பவன் வேலை என்று நினைக்கிறோம், பாதி வேலை வாங்குகிறவனுடையது. பந்து வருகிற பக்கம் முழு மார்பையும் காட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு, வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து, அடுப்பில் பாலையும் முற்றத்துப் பிள்ளையையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒருக்களித்து நிற்க வேண்டும். பந்தைக் கிட்ட இருக்கிற காலால் நிறுத்தாமல், உடம்புக்குக் குறுக்கே உருள விட்டுத் தூரத்தில் இருக்கிற காலால் வாங்க வேண்டும். அப்போது பந்து காலில் படும்போதே முகம் முன்னால் திரும்பியிருக்கும், அடுத்த பாஸ் அங்கேயே பாதி முடிந்துவிடும். இதில் பயிற்றுனர்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எதிராளி முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் இது சரிவராது, அப்போது கிட்ட இருக்கிற காலால் வாங்கி உடம்பால் பந்தை மறைக்க வேண்டும். எது எப்போது என்று தெரிய மறுபடியும் அந்தத் தோள்ப் பார்வைதான் வேண்டும்.

ரொண்டோவில் ஒரு குறை உண்டு, அதற்குத் திசை கிடையாது. கோல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பந்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் பெரும்பகுதி நேரம் நாலுக்கு நாலு ஆட்டம் ஆட விடுங்கள். உங்களிடம் பதினாறு பேர், இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும், ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. முப்பது மீட்டருக்கு இருபது மீட்டர் இடம் போதும். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோலுக்குப் பதிலாக இரு ஓரத்திலும் இரண்டு சின்னக் கோல், செருப்பு ஜோடி வைத்தாலும் சரி. இரண்டு கோல் இருந்தால் ஒன்றை அடைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து மற்றப் பக்கம் பந்தைத் திருப்பலாம் என்ற எண்ணம் தானாக வரும். ஆள் குறைந்தால் ஒவ்வொருவனுக்கும் கூடுதல் டச் கிடைக்கும் என்பதும் உறுதி, பதினொருவர் ஆட்டத்தில் ஒரு பிள்ளை பத்து நிமிடம் பந்தைத் தொடாமலேயே நிற்கலாம். "ஐந்து பாஸ் போட்டால் ஒரு கோல்" என்று விதி வைப்பவர்கள் உண்டு. நானும் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கோலைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள், முன்னால் ஆள் இல்லாமல் வழி திறந்து கிடக்க, நாலாவது பாஸைப் பின்னால் அடிக்கிறார்கள். இப்போது அந்த விதியை வைப்பதில்லை.

கீப்பரையும் ரொண்டோவில் நிறுத்துங்கள். தன் ஆள் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது, கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே தன் ஆள் வாங்கலாம் என்பது 2019இல் வந்தது. இரண்டும் சேர்ந்து கீப்பரைப் பாஸ் கொடுக்கிற ஆளாக்கிவிட்டன. ஆனால் டிவியில் பார்த்ததை மேடு பள்ளமான தோட்டத்துக் கிரவுண்டில், மழைச் சேற்றில், சொந்தக் கோலுக்கு முன்னால் செய்யச் சொல்லிப் பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது. பழகும்போது செய்யட்டும், மேட்சில் கீப்பர் பார்த்து முடிவு செய்யட்டும், தூர அடித்தால் திட்டாதீர்கள்.

நம் இடத்துச் சரிவைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், பந்துக்கு எவ்வளவு பலம் கொடுப்பது என்று கற்றுத்தர அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. மேட்டை நோக்கி அடிக்கிற பாஸ் பாதியில் சோர்ந்துவிடும், எதிராளி வந்து பொறுக்கிக்கொள்வான், ஆகவே பலமாக, வாங்குகிறவன் காலுக்கே போக வேண்டும். பள்ளத்தை நோக்கி அடிக்கும்போது ஆளுக்கு முன்னால் உருட்டிவிட்டால் பந்து ஆளை முந்திக்கொண்டு தேயிலைக்குள் போய்விடும், கவ்வாத்து வெட்டிய மலையாக இருந்தால் கூரான கம்பு குத்திப் பந்தும் போச்சு. அதனால் கீழ்ப்பக்கம் எப்போதும் மெதுவாக, காலுக்கு. குறுக்கே அடிக்கிற பந்து வளைந்து கீழே இறங்கும், வாங்குகிறவனின் மேட்டுப் பக்கக் காலைக் குறிவைத்து அடிக்கப் பழக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். சமதரையில் மேட்ச் என்றால், ஹட்டன் டன்பார் மைதானம் மாதிரி இடத்துக்குப் போவதானால், முன்கூட்டியே போய்ப் பதினைந்து நிமிடமாவது பாஸ் மட்டும் அடிக்க விடுங்கள், இல்லாவிட்டால் முதல் பாதி முழுவதும் பந்து ஓவராகவே போகும். மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலத்தில் ஈரப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும், தண்ணீர் தேங்கிய இடத்தில் அப்படியே நின்றுவிடும். ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகளையே கிரவுண்டைச் சுற்றி நடக்க விட்டு எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கூட்டிப் போங்கள், மரத்தடியில் நிற்க விடாதீர்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதன் விளிம்பில் நிற்கிற மாதிரித் தெரிகிறது. "ஒரு பையன் பந்தைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். மூன்று பேரை வெட்டிக்கொண்டு போவான், நாலாவது ஆளிடம் இழப்பான். கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் குடு, பாஸ் குடு" என்று ஒரு சீசன் முழுவதும் கத்தினேன், இரண்டு தடவை வெளியே உட்காரவும் வைத்தேன். அவன் கேட்டுக்கொண்டான். அதன் பிறகு பந்து வந்ததுமே, பார்க்காமல் கொள்ளாமல், கிட்ட நிற்பவனுக்குத் தட்டிவிட்டான். வெட்டிப் போகிற தைரியம் அவன் காலை விட்டுப் போய்விட்டது, அடுத்த வருடம் விளையாடவே வரவில்லை. அந்தப் பிள்ளையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இப்போது அப்படி ஒருவன் வந்தால் அவனிடம் சொல்வது வேறு: "வெட்டிப் போ, ரெண்டாவது ஆள் உன்கிட்ட வர்ற வரைக்கும் போ. அவன் வந்துட்டான்னா அவன் விட்டுட்டு வந்த ஆள் சும்மா நிப்பான், அவன்கிட்ட குடு." ஏய்க்கத் தெரிந்தவன் எதிராளிகளை இழுத்து வைத்துக்கொண்டு கொடுக்கிற பாஸ்தான் இருப்பதிலேயே பெறுமதியானது. ஆட்டம் நடக்கும்போது கத்துவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்க வரும்போது "அந்த நேரம் உன் கண்ணுக்கு யார் யார் தெரிஞ்சாங்க?" என்று மட்டும் கேளுங்கள். "யாரும் தெரியலை சேர்" என்றால் எதைப் பழக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சந்தேகமான விஷயம் ஒன்றுக்கு வருகிறேன். ஒரே பாஸைத் திரும்பத் திரும்ப அடிப்பதைவிட, தூரம், கால், திசை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பழகினால்தான் மனதில் நிற்கும் என்று இப்போது பலர் அடித்துச் சொல்கிறார்கள். இதன் வேர் 1979இல் ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த ஆய்வு. கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள், பிறகு சோதித்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆனால் அது அறைக்குள் கையால் செய்த வேலை, பந்தை உதைத்ததல்ல. மைதானத்தில், அதுவும் புதிதாகக் கற்கிற பிள்ளைகளிடம், முடிவுகள் அவ்வளவு தெளிவாக வரவில்லை. நான் நடுவழியில் போகிறேன்: புதிய விஷயம் என்றால் ஐந்து நிமிடம் ஒரே மாதிரி, பிடிபட்டதும் உடனே கலந்துவிடுவேன். இடது காலும் அப்படித்தான், ஐந்து மீட்டருக்குள் கட்டாயம் இரண்டு காலாலும் அடிக்க வேண்டும், தூரப் பாஸுக்கு வற்புறுத்தமாட்டேன். வீட்டில் பழகச் சுவரை விட்டால் ஆளில்லை. லயத்துச் சுவர் வேண்டாம், உள்ளே வேலைக்குப் போய்வந்து படுத்திருப்பவர்கள் இருப்பார்கள். ரோட்டோரத்து மண்சரிவுத் தடுப்புச் சுவர், ஸ்கூல் சுவர் எது கிடைத்தாலும் சரி, பந்து திரும்பி வருவதற்குள் ஒரு தடவை தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் கிடைத்தால் நான் எதிரெதிரே பத்து நிமிடம், ரொண்டோ பதினைந்து, நாலுக்கு நாலு இருபத்தைந்து, கடைசிப் பத்து நிமிடம் நான் வாயே திறக்காமல் அவர்கள் இஷ்டத்துக்கு ஆட்டம் என்று பிரிப்பேன். முன்னேற்றத்தைக் கோலை வைத்து அளக்காதீர்கள். மேட்ச் நடக்கும்போது சட்டைப் பையில் சின்னக் கற்கள் வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைகள் மூன்றாவது பாஸை ஒழுங்காகப் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுங்கள். நான் கண்டவரை தலை திரும்புவது மூன்று, நாலு வாரத்தில் வந்துவிடும். கல் கூடுவதற்கு ஒரு சீசன் பிடிக்கும், இடையில் தோற்கவும் செய்வீர்கள். அப்போது தோட்டத்துப் பெரியவர்கள் "தூக்கி அடிக்கச் சொல்லு தம்பி" என்று வந்து நிற்பார்கள். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குப் பிள்ளைகள் கீழ்ப் பிரிவான கீழ்கணக்குப் பிள்ளைகளுக்குப் பந்து கொடுப்பது குறைவு என்று. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பாஸ் நம்பிக்கை உள்ள இடத்துக்குத்தான் போகும். ஒரே லயத்தில் வளர்ந்தவன் எந்தக் காலால் வாங்குவான், எப்போது ஓடுவான் என்று பிள்ளைக்குத் தெரியும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனைத் தெரியாது. பெரியவர்களுக்குள் இருக்கிற பழைய மனத்தாங்கலும் சில நேரம் பிள்ளைகள் காலில் வந்து நிற்கும். இதற்கு நான் புத்திமதி சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விதிதான் உதவியது: ரொண்டோவிலும் நாலுக்கு நாலிலும் யாருக்குக் கொடுக்கிறோமோ அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே கொடுக்க வேண்டும், பெயர் சொல்லாமல் கொடுத்தால் பந்து எதிராளிக்கு. அணி பிரிக்கும்போது ஒவ்வொரு நாலு பேரிலும் இரண்டு மேல்கணக்கு, இரண்டு கீழ்கணக்கு. முதல் நாள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, "டேய்... டேய்..." என்று வாயைத் திறந்தபடி நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோதுதான், இரண்டு வருடம் ஒரே டீமில் ஆடியும் சிலருக்கு மற்றவன் பெயரே தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. வருகிற சனிக்கிழமை அதிலிருந்தே தொடங்குங்கள். பெயர் தெரியாமல் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.